சனிக்கிழமை வந்த துவக்கு

பக்கத்து வீட்டுக் கனகசிங்கம் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றை என் கையில் தந்து, "அக்கா, இதை ரெண்டு விரலால அமத்திப் பாருங்க, நோகுதா எண்டு சொல்லுங்க" என்றபோது நான் தேத்தண்ணிக்குப் பால் வைத்திருந்தேன்.

"என்ன தம்பி, வைத்தியம் படிக்கிறீரோ?"

"பகிடி இல்ல அக்கா. நாகேசிட கையும் உங்கட கையும் ஒரே மாதிரி வாதக்கை. உங்களுக்கு நோகல்லயெண்டா அவவுக்கும் நோகாது."

அமத்தினேன். நொந்தது. சொன்னேன். அவர் சட்டைப் பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த கலண்டர் தாள் ஒன்றை எடுத்து எதையோ குறித்தார். பிறகு, மனைவி நாகேஸ்வரிக்குக் கேட்டுவிடுமோ என்று ஜன்னலால் தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"துவக்கு வாங்கப் போறன்."

பத்திரிகையில் துப்பாக்கி என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது துவக்குத்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"உமக்கு விசரோ?"

"கேளுங்களன். பிஸ்டல் எண்டு ஒரு சாதி இரிக்கு, உருளைத் துவக்கு எண்டு ஒரு சாதி இரிக்கு. பிஸ்டல் எண்டா மேல்மூடியப் பின்னால இழுக்கோணும், நாகேசிட கை ஏலாது. மறுகா அதுல ஸ்பிரிங் தளந்தா இறுகிப் போயிரும். உருளையில அந்தக் கரைச்சல் இல்ல. ஒண்டு வெடிக்கல்லயெண்டா திருப்பி அமத்த அடுத்தது வரும். குறைஞ்ச பார்ட்ஸ், குறைஞ்ச வருத்தம். முப்பது வருசம் பிஸ்கட் பெட்டி ஒட்டுற மெசினைத் திருத்தினவன் சொல்லுறன். ஆனா உருளையில விசை கொஞ்சம் இறுக்கம். அதுக்குத்தான் இந்தக் கிளிப்."

மெசினைப் பற்றிக் கதைக்கும்போது அவருக்கு முகம் தெளிந்துவிடும். இரண்டு மாதமாக நான் பார்க்காத தெளிவு.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நாங்கள் வந்து குடியேறிய இந்தப் பனிநாட்டு மில்லிக்கனில் இப்படி ஒட்டிக்கட்டிய வீடுகள் ஒரு தெரு நிறைய இருக்கின்றன. ஊரில் அவர்கள் மட்டக்களப்புப் பக்கம், நான் மன்னார். நான் 'வாங்கோ' என்றால் அவர்கள் 'வாங்க' என்பார்கள். தேங்காய்ப்பால் விட்டு வைப்பதை நான் சொதி என்றால் நாகேஸ்வரி ஆணம் என்பாள். அந்தப் பெயரில் வைத்தாலும் ருசி குறைந்ததில்லை. இருபத்திரண்டு வருசமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் நானும் உலை வைப்பேன்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பை லொறி வந்து போன கையோடு, பகல் பதினொரு மணிக்கு, முகத்தை மூடிய இரண்டு பேர் அவர்களுடைய பக்கக் கதவை உதைத்துத் திறந்தார்கள். நாகேஸ்வரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "கீ, கீ" என்று கேட்டார்களாம். சாவி தொங்கிய கொழுக்கியைக் காட்டி "கீ அங்க" என்றாள். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற புதுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஒருவன் போகும்போது "சொறி அன்ரி" என்றானாம். கனகசிங்கம் மேலே குளித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லையென்று பொலிசுக்கும் சொன்னார், எங்களுக்கும் சொன்னார்.

இன்சூரன்ஸ் காசில் ஒரு பழைய சின்னக் கார் வந்தது. கதவுக்கு இரும்புத் தகடு வந்தது. ஆனால் நாகேஸ்வரிக்குக் குசினியில் நிற்கப் பயம். "வீட்டை வித்துப்போட்டு ஒஷாவாவுக்கு மகளிட்டப் போவம்" என்றாள். மகள் தேனுகா அங்கேதான் இருக்கிறாள், புருசன் யசிந்தனோடு. கனகசிங்கமோ தலகணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கதவோரச் சோபாவில் படுக்கத் தொடங்கினார். பக்கத்தில் பனி அள்ளும் சவள். பகலில் ஃபோனில் துவக்கு வீடியோ.

"எந்த நேரமும் டப்பு டப்பெண்டு சத்தம்" என்று நாகேஸ்வரி என்னிடம் சலித்தாள். "சின்னப்பிள்ளை மாதிரி சண்டைப் படம் பாக்கிறார் அக்கா."

சண்டைப் படமென்றே அவள் நினைத்திருந்தாள்.

தை பிறந்து இரண்டாம் கிழமை, திங்களன்று, கனகசிங்கம் எனக்குப் பென்சன் கடுதாசி அலுவல் என்று அவளிடம் பொய் சொல்லி, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒஷாவா தாண்டி ஒரு கடைக்குப் போனார். வேட்டைச் சாமான் கடை. உள்ளே சப்பாத்துத் தோல் மணம். சுவரில் மான் தலைகள் எங்களையே பார்த்தன. கடைக்கார மரியோ வயதான இத்தாலிக்காரர், நல்ல மனிதர். கனகசிங்கம் கலண்டர் தாளை விரித்து, உருளை, இளகிய விசை, சின்னக் கைக்கு ஏற்ற பிடி என்று தன் இங்கிலிசில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

கைத்துவக்கு விற்பதை இந்த நாட்டிலேயே நிறுத்திச் சில வருசம் ஆகிறது என்றார். நீளத் துவக்கென்றால் வகுப்பு, சோதனை, படிவம், பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. அதுவும் வேட்டைக்கு, குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்கு. வீட்டுக் காவலுக்கு என்று எழுதினால் கிடைக்காது. வாங்கினாலும் ரவையை எடுத்துவிட்டுப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

"அப்ப கள்ளன் வந்தா?" என்று கனகசிங்கம் கேட்டார்.

"சாவி தேடும் வரைக்கும் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள்" என்று மரியோ சிரிக்காமல் சொன்னார். அதோடு படிவத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். மனைவி கையெழுத்து வைக்கும் இடம். வைக்காவிட்டால் அலுவலகமே அவளுக்கு அறிவிக்குமாம்.

திரும்பி வந்தோம். இரண்டு பக்கமும், பனி உருக வீசிய உப்புப் பூத்த ரோட்டு. அலுவல் இத்தோடு சரியென்று மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

எங்கே சரி? வந்த கையோடு என் குசினி மேசையில் குந்தி, மருமகனுக்கு ஃபோன் போட்டார். காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"மருமகன், எனக்கு ஒரு துவக்கு வேணும்."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. யசிந்தன் இங்கேயே ரெக்ஸ்டேலில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகத்தான் கதைப்பான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பான்.

"துவக்கு... ஓ, துவக்கு! யா யா. குட் ஐடியா மாமா. இந்த விண்டருக்கு கட்டாயம் வேணும். எங்கட ஸ்ட்ரீட்ல எல்லாற்ற வீட்டையும் இருக்கு. நானும் வைச்சிருக்கிறன்."

கனகசிங்கம் கண்ணை அகட்டி என்னைப் பார்த்தார். "இவனும் வைச்சிருக்கிறானாம்!"

"கடையில தரமாட்டன் எண்டுட்டான் மருமகன்."

"ஏன் மாமா கடைக்குப் போனீங்கள்? டீலர் சும்மா காசைக் கறப்பான். என்ர ஃபிரெண்ட் மாக்கஸ் பேஸ்மென்ட்ல பெட்டி பெட்டியா வைச்சிருக்கிறான்."

நான் எழும்பிப் போய்க் குசினி ஜன்னலைச் சாத்தினேன்.

"தூரத்தில நிண்டு சுடுமா?"

"அரைக் கிலோமீற்றர் தள்ளி நிண்டாலும் சுடும். ஆனா உடன வெளிக்கிடேலாது. பத்து நிமிசம் விடவேணும்."

"பத்து நிமிசமா? அதுக்கிடையில பொலிஸ் வந்திருமே!"

"பொலிஸ் என்னத்துக்கு மாமா? உங்கட டிரைவ்வேயில நீங்கள் செய்யிறதுக்கு ஆர் என்ன சொல்லுறது?"

"மாமிட கைக்கு ஏலுமா? விசை இறுக்கமா?"

"ஒரு விரல் காணும். ரெண்டு தரம் அமத்தவேணும், அவ்வளவுதான். பற்றரியை மட்டும் வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ."

"துவக்குக்குப் பற்றரியா?"

"இப்ப எல்லாம் அப்பிடித்தான் மாமா."

கனகசிங்கம் அதையும் தாளில் குறித்தார். "மாமிக்குச் சொல்லிராதீங்க."

"சப்ரைஸ், என்ன! நான் மூச்சு விடமாட்டன். சனிக்கிழமை கொண்டு வாறன்."

ஃபோனை வைத்தவர் தாளை மடித்துப் பொக்கற்றின் அடியில் திணித்தார். கள்ளத் துவக்கு, பிடித்தால் மறியலில் அடைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"தம்பி, வேண்டாம். சொல்லுறதைக் கேளும்."

"நீங்க பாக்காத மாதிரி இரிங்க அக்கா" என்றார். "நான் ஒருக்கா இறங்கி நிக்கோணும். அவ்வளவுதான்."

எங்கே இறங்கி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடியவள் அல்ல. செவ்வாய், புதன் இரண்டு நாளும் சுவரைப் பார்த்துப் பார்த்து அடக்கினேன். வியாழக்கிழமை புட்டு அவிகிற மணம் வந்ததும் கால் தானாகப் போய்விட்டது.

நாகேஸ்வரி என்னைக் கண்டதும் கள்ளச் சிரிப்போடு கையைத் துடைத்தாள். "அக்கா, ஒரு சாமான் காட்டுறன். சிரிக்கக் கூடாது." லாச்சியை இழுத்து, தோய்க்கப் போட்ட சட்டையில் அகப்பட்டதென்று அந்தக் கலண்டர் தாளை எடுத்தாள். முன்பக்கத்தில் அவர் குறித்திருந்ததை ஏதோ மெசின் கணக்கென்று விட்டிருந்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கையின் வடிவம் கீறியிருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் அளவு. சுட்டுவிரல் இரண்டே முக்கால் என்று தடித்த எழுத்தில்.

"போன கிழமை பகல் சரிஞ்சு கிடந்தனான். இந்த மனுசன் மெல்ல வந்து என்ட கையத் தாளில வைச்சுச் சுத்திக் கீறினார். நான் கண்ணைத் திறக்கல்ல, கூச்சமா இரிந்த. இந்த மாசத்தோட கலியாணம் முடிச்சு முப்பத்தாறு வருசம். மோதிரந்தான் அக்கா. கேட்டா ஒத்துக்கொள்ளமாட்டார்."

இதைக் கேட்டுவிட்டு எந்த வாயால் சொல்வது? ஆனால் சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"நாகேஸ்வரி, அது மோதிரத்துக்கு இல்லையடி."

"கையுறைக்கா?"

"துவக்குக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன், மரியோவையும் மாக்கசின் பேஸ்மென்டையும் பத்து நிமிசத்தையும். அவள் அடுப்பை நிறுத்தினாள். தாளை மடித்தாள், திரும்பவும் மடித்தாள், இன்னும் மடிக்க இடமில்லாத வரைக்கும் மடித்தாள்.

"துவக்கு இந்த வீட்டுப் படி ஏறினா நான் இறங்கிருவன். ஒஷாவாவுக்கு வீட்டோட போவம் எண்டு கேட்டன். இனித் தனியப் போறன்."

"அவரிட்டக் கேளன்."

"கேக்கமாட்டன். கொண்டு வரட்டும். கொண்டு வாறாரா எண்டு பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை முழுக்க உறைமழை பெய்தது. சனி காலை படிகளெல்லாம் கண்ணாடி. கனகசிங்கம் விடிந்ததிலிருந்து உப்பு வீசினார், மருமகன் வழுக்கி விழுந்து அது வெடித்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். நான் பத்து மணிக்கே போய்விட்டேன். நாகேஸ்வரி புட்டு அவித்து, மீன் ஆணம் வைத்து, பொரிச்சுக் குத்தின சம்பலும் போட்டு மூடிவைத்துவிட்டு, குளிர்க்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு விறாந்தையில் நின்றாள். பக்கத்தில் சூட்கேஸ்.

கனகசிங்கம் அதைப் பார்த்தார். "எங்க பயணம்?"

"உங்கட துவக்குக்கு இடம் விட்டுக் குடுக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் யசிந்தன் வந்தான். ஒரு கக்கத்தில் கறுப்புப் பெட்டி, மற்றக் கையில் துளைபோடும் மெசின், முகம் நிறையச் சிரிப்பு. "சப்ரை..." என்று தொடங்கினான்.

"மருமகன், அந்தப் பெட்டியோட உள்ள வராதீங்க!" என்று நாகேஸ்வரி மறித்தாள்.

அவன் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைப் பனியிலும் வைத்தபடி நின்றான். கதவு திறந்தபடியே இருந்தது, வீட்டுச் சூடெல்லாம் வெளியே போனது. ஒருவரும் அதைச் சாத்தவில்லை.

நாகேஸ்வரி புருசனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்கட அப்பாட்ட யானைக்கு எண்டு ஒரு துவக்கு இரிந்த. லைசன்ஸ் துவக்கு. ஆருக்கும் தெரியாம நெல்லு மூட்டைக்குப் பின்னால வைச்சிருந்தவர். ஒருநாள் பகல் நான் தனிய நிக்கிறன், நாலஞ்சு இயக்கப் பொடியனுகள் படலையத் திறந்து வாறானுகள். தண்ணி கேக்கத்தான் வந்தானுகளோ என்னவோ, எனக்கு இண்டைக்கு மட்டும் தெரியா. நான் பயத்தில கத்தினன்: கிட்ட வராதீங்க, வீட்ட துவக்கு இரிக்கு!"

மூச்சு வாங்கினாள்.

"நான் சொல்லுமட்டும் அவனுகளுக்குத் தெரியா. நான்தான் சொல்லிக் குடுத்தன். சிரிச்சுச் சிரிச்சு எடுத்துக்கொண்டு போனானுகள். ரெண்டு கிழமையால ஆமி வந்து, லைசன்ஸ் இரிக்கு, துவக்கு எங்க எண்டான். அப்பா படுக்கையில. பெரியண்ணன் நான் வாறன் எண்டு அவனுகளோட போனவர். போனவர்தான்."

"துவக்கு பறிபோனது தெரியும்" என்று கனகசிங்கம் மெல்லச் சொன்னார். "நீ கத்தினது எனக்குத் தெரியாதே புள்ள."

"ஆருக்கும் தெரியா. அம்மாவுக்கும் தெரியா. இண்டைக்குத்தான் வாயால வந்த. துவக்கு இரிக்கிற வீட்டுக்குக் கள்ளன் வராம விடமாட்டான். துவக்கைத் தேடி வருவான்."

யசிந்தன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை என்பதும் தெரிந்தது.

"மாமி, ஐ ஆம் சோ சொறி. பட்... என்ன துவக்கு? இது காருக்கு."

"காருக்கோ?" என்றேன் நான்.

பெட்டியைத் திறந்தான். வயர்க்கட்டு ஒன்று. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான், அதில் ஒரு பொத்தான்.

"துவக்கு அன்ரி! ஸ்டார்ட்டர்! வீட்டுக்குள்ள நிண்டு அமத்தினா வெளியில கார் ஸ்டார்ட் ஆகும். துவக்கு எண்டா ஸ்டார்ட் பண்ணு. சாற்றடே தமிழ் கிளாஸில ரீச்சர் சொல்லித் தந்தவ. துவக்கு, துவக்கம், துவக்கவிழா."

"சுடும் எண்டீங்களே!" என்று கனகசிங்கம் கத்தினார்.

"சுடும்தானே மாமா! பத்து நிமிசத்தில சீட் எல்லாம் நல்லாச் சுடும்."

"அப்ப மாக்கஸ்?"

"ஸ்டார்ட்டர் பூட்டுறவன்." திடீரென்று அவன் முகம் மாறியது. "வெயிட். மாமா, நீங்கள் கன்... துப்பாக்கியா கேட்டீங்கள்? என்னட்டையா?"

முதலில் சிரித்தது நாகேஸ்வரிதான். சூட்கேசின் மேல் குந்தி, தொப்பியைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் அழுகையாகித் திரும்பவும் சிரிப்பானது. "ஐயோ அக்கா, துவக்கு வாங்கப் போய் சுவிச்சு வாங்கின மனுசனைப் பாருங்க! அதுக்கு என்ட சுட்டுவிரலை அளந்தவர்!" யசிந்தனும் சிரித்தான். எனக்கு வயிறு நொந்தது.

கனகசிங்கம் சிரிக்கவில்லை. படிக்கட்டின் அடிப்படியில் குந்தினார்.

"நான் அண்டைக்குக் குளிக்கல்ல" என்றார்.

நாகேஸ்வரி முகத்திலிருந்து தொப்பியை எடுத்தாள்.

"மேல்படியில நிண்டனான். கதவு உடைஞ்சதும் கேட்ட, நீ கீ அங்க எண்டு சொன்னதும் கேட்ட. இறங்கோணும் எண்டு நிக்கிறன், கால் வரல்ல. என்ட பொஞ்சாதி கீழ, நான் மேல. கையில ஒண்டு இரிந்தா இறங்கியிருப்பன் எண்டு நினைச்சன்."

யசிந்தன் மெதுவாகக் கதவைச் சாத்தினான். நாகேஸ்வரி எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில், ஒடுங்கிய அந்தப் படியில் நெருக்கிக்கொண்டு இருந்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்கட செருப்பு கீழயிருந்து தெரிஞ்ச. நீல வார்ச் செருப்பு. நான் அண்ணாந்து பாக்கல்ல. பாத்தா அவனுகளும் பாப்பானுகள். கடவுளே, இந்த மனுசன் வாயைத் திறந்திரக் கூடாது, துவக்கு இரிக்கு கத்தி இரிக்கு எண்டு என்னை மாதிரிக் கத்திரக் கூடாது எண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டன். நீங்க கத்தல்ல. சாவிய எடுத்தானுகள், போனானுகள். நான் உசிரோட இரிக்கிறன், நீங்களும் இரிக்கிறீங்க."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க குளிச்சன் எண்டு சொல்லிப்போட்டீங்களே. மறுகா நான் எப்பிடிச் சொல்லுற?"

நான் குசினிக்குப் போய் ஆணத்தைச் சூடாக்கினேன். வேறு என்ன செய்வது?

மத்தியானம் யசிந்தன் காருக்குள் தலைகீழாகக் கிடந்து வயரெல்லாம் பூட்டி முடித்தான். நாகேஸ்வரி குசினி ஜன்னலடியில் நின்றாள், இரண்டு மாதமாக நிற்கப் பயந்த அதே இடத்தில். அந்தக் கறுப்புச் சாமான் அவளுடைய வளைந்த விரல்களுக்குள் அடக்கமாக இருந்தது.

"சுடு புள்ள" என்றார் கனகசிங்கம் பின்னாலிருந்து.

ஒருமுறை அமத்தினாள். இன்னொருமுறை. வெளியே, ஒருவருமில்லாத அந்தப் பழைய கார் விளக்கை மினுக்கி, ஒருதரம் இருமி, உறுமத் தொடங்கியது. கண்ணாடியில் படிந்த ஐஸ் மெல்ல விளிம்பிலிருந்து இளகியது.

"நோகுதா?"

"இல்ல." அவள் திரும்பாமலே சொன்னாள்: "விரல் அளவு லாச்சியில இரிக்கு, எறிஞ்சிராதீங்க. கலியாண மாசம் முடிய இன்னும் நாள் கிடக்கு."

"எந்த விரல்?"

"இந்த வயசில அதையும் நானா சொல்லோணும்? சூட்கேசை மேல கொண்டுபோய் வையுங்க."

அவர் ஒரு கையில் சூட்கேசைத் தூக்கினார். சோபாவில் கிடந்த தலகணியை மற்றக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார். ஒன்றும் காணாத மாதிரி நான் புட்டைச் சாப்பாட்டுக் கோப்பைகளில் போட்டேன்.

"மேலேயே நிண்டிராதீங்க, புட்டு ஆறுது!" என்று நாகேஸ்வரி கூப்பிட்டாள்.

மேலே சூட்கேஸ் தரையில் உரசியது. பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு படியாக, கீழ்நோக்கி.